குமிழ் மேல் வைத்த பொட்டு

பாப்பா,

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஒரு கனவு வந்தது. நீ செய்து கொடுத்த கம்ப்யூட்டர் கீபோர்டு என் மடியில் இருக்கிறது. அதில் இருக்கும் கறுப்புக் குமிழை இடது கையால் இடப்பக்கமாகத் திருப்புகிறேன். முதலில் நம் வீட்டுக் கூடம், கூரையே இல்லாமல், நான் வரைகிற பிளானில் தெரிவது போலவே மேலிருந்து தெரிகிறது. உன் அம்மா காலை நீட்டிக்கொண்டு பூ கட்டுகிறாள். இன்னொரு டிக். நம் ஹவுசிங் போர்டு பிளாக், மொட்டைமாடியில் காயும் துணிகளோடு. இன்னொரு டிக். கோட்டூர்புரம் பாலம், அதன் அடியில் வளைந்து போகும் ஆறு. அப்புறம் மயிலாப்பூர் குளம் ஒரு பச்சைச் சதுரமாக, தி.நகர் முழுக்க எறும்பாக ஜனங்கள், பாலவாக்கம் வரைக்கும் கடல் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு. பயமே இல்லை, அவ்வளவு அழகாக இருந்தது. போதும், வீட்டுக்குத் திரும்பலாம் என்று வலப்பக்கம் திருப்பினேன். கிட்டே வருவதற்குப் பதில் ஊர் இன்னும் தள்ளிப் போனது. மறுபடி திருப்பினேன், மறுபடி தள்ளிப் போனது. எந்தப் புள்ளி நம் வீடு என்று தெரியவில்லை. அதற்குள்ளே நீ இருக்கிறாய் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

விழித்தபோது மணி மூன்று. ஜன்னல் கம்பியில் மழைத் தண்ணீர் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கனவில் வந்த கீபோர்டு பீரோ மேல் துண்டு போர்த்திக்கொண்டு கிடந்தது. அதை அங்கே தூக்கி வைத்தவன் நான்தான். எதற்கு வைத்தேன் என்று உன்னிடம் ஒரு காரணம் சொன்னேன் இல்லையா, அது பொய். உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லலாம்தான், ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் பேச்சை எங்கேயாவது திருப்பி, டீ போடச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலவே சொந்தமாகக் கீபோர்டு செய்துகொண்டு அலைகிற உன் கூட்டாளிகளுக்கும் படித்துக் காட்டு. அப்பா மானம் போனால் போகட்டும்.

நீ இப்போது பாலவாக்கத்தில் உன் சிநேகிதி வீட்டில் உட்கார்ந்து, தைவானுக்கே வந்துவிடு என்று உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் அந்தக் கீபோர்டு கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய டிசைனை முடித்துக்கொண்டிருப்பாய். உன் சொந்த டிசைன் ஒன்று வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வோம் என்றார்களாமே. திங்கட்கிழமை காலையில் அனுப்ப வேண்டும். நாளைச் சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் இந்தக் கடிதம் இருக்கும். அதற்குப் பிறகும் உனக்கு ஒரு ராத்திரி முழுசாக மிச்சம் இருக்கும். கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். நான் வீடு கட்டுகிறவன் இல்லை, வீடு வரைகிறவன். கே.கே. நகரில் ஒரு இன்ஜினியருக்கு முப்பது வருடமாகப் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். பலகையும் பென்சிலுமாக ஆரம்பித்து, கம்ப்யூட்டருக்கு வந்து, இப்போது வீட்டிலிருந்தே வரைகிறேன். இந்த வேலையில் மவுசின் மேல் இருக்கிற சின்னச் சக்கரத்தை ஆள்காட்டி விரலால் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் உருட்டினால் குளியலறைக் கதவு வரைக்கும் கிட்டே போகலாம், பின்னால் உருட்டினால் தெருமுனை வரைக்கும் தள்ளி வரலாம். கிட்டே, தள்ளி, கிட்டே, தள்ளி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே பிழைப்பு. போன பொங்கலுக்கு அப்புறம் விரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மடக்கினால் மடங்கினபடியே நின்றுவிடும். மற்றக் கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று நிமிரும், உயிர் போய் உயிர் வரும். டாக்டர் அந்தச் சக்கரத்தைத் தொடாதீர்கள் என்றார். சக்கரத்தைத் தொடாமல் நான் சாப்பிடவா முடியும்?

நீ ஒரு வாரம், ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமாக என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்தாய். நோட்டில் ஏதோ கோடு கோடாகப் போட்டாய்.

“இன்னா பாப்பா, கைரேகை பாக்குறியா?” என்றேன்.

“உன் லெஃப்ட் கை வெட்டியா உக்காந்துகினு கீதுப்பா. ரைட் கை மட்டும் மாடா உழைக்குது. அதுல பாதி வேலைய இதுக்குக் குடுத்துரலாம்” என்றாய்.

அப்படித்தான் அந்தக் கீபோர்டு பிறந்தது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்கு நாலு நடை நடந்தாய். கூடத்தில் ஈயம் உருகும் வாசனை, அம்மாவின் திட்டு, சன்னமான புகை. எழுத்துச் சாவிகளுக்கு இடப்பக்கம், நீ நாப் என்று சொல்கிற ஒரு குமிழ், அதற்கு அடியில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு உலோகப் பெட்டி. குமிழ் எந்தப் பக்கம், எத்தனை டிக் திரும்பியது என்று அதுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் என்றாய். மேலே மாட்டுவதற்கு எந்தக் குமிழும் என் கைக்குச் சரிப்படவில்லை. ஒன்று வழுக்கியது, ஒன்று பட்டாணி மாதிரி இருந்தது. கடைசியில் பரணில் ஏறி, நம் பழைய மின்விசிறி ரெகுலேட்டரை இறக்கினாய். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, சுவரில் பெரிய பெட்டியாக இருக்குமே, அது. அதன் கறுப்புக் குமிழைக் கழற்றி மாட்டிப் பார்த்தாய். ஓரமெல்லாம் வரி வரியாக, நாலு விரலும் வந்து உட்காருகிற அளவு. என் கை அதைப் பிடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, எத்தனை வெயில் காலம் திருப்பிய குமிழ் அது.

அப்புறம் எந்தப் பக்கம் திருப்பினால் படம் கிட்டே வரவேண்டும் என்று ஒரு பஞ்சாயத்து. ரேடியோவில் சத்தம் கூட்டுகிற மாதிரி வலப்பக்கம் என்றேன் நான். உன் அம்மா அடுப்படியிலிருந்தே, “கேஸ் அடுப்பு லெஃப்ட்லதான் தொறக்குது. ஊர்ல இருக்குற எல்லாரும் அதத்தான் டெய்லி திருப்புறாங்க, உங்கப்பா ரேடியோவ யாரு திருப்புறா?” என்றாள். நீ சிரிக்கவில்லை, பாப்பா. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, “கிட்ட போ” என்றாய். என் கை தானாக வலப்பக்கம் திரும்பியது. அதை நோட்டில் எழுதிக்கொண்டாய். அந்த நிமிஷம்தான், இந்தப் பெண் பெரிய ஆள் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கீபோர்டு தயாரானதும் நான் முதலில் திறந்தது இன்ஜினியர் கொடுத்த வேலையை இல்லை. பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த மாதிரி எனக்கென்று ஒரு வீடு வரைந்து வைத்திருக்கிறேனே, யாரும் எப்போதும் கட்டப்போகாத வீடு, அதைத்தான் திறந்தேன். குமிழைத் திருப்பத் திருப்ப வாசல் வந்தது, மாடிப்படி வந்தது, கிழக்கு அறை வந்தது. அந்த அறைக்குப் ‘பாப்பா’ என்றுதான் பெயர் எழுதியிருப்பேன். உன் சாமானெல்லாம் பரப்பி வைக்கிற மாதிரி ஜன்னல் ஓரம் முழுக்க நீளமாக ஒரு மேஜை. விரல் வலிக்காமல் அந்த மேஜை வரைக்கும் போய் நின்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, ஈயப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன் பார், அதுவும் பொய்தான்.

இரண்டு மாதம் ராஜா மாதிரி வேலை செய்தேன். அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முதல் நாள் மாட வீதிக்குப் போய் நல்ல சந்தனமாகப் பார்த்து வாங்கினேன். வருடா வருடம் மவுசுக்கும் மானிட்டருக்கும் ஒரு தீற்றலோடு முடித்துவிடுவேன். இந்த வருடம் அப்படி மனசு வரவில்லை. என் கையைக் காப்பாற்றின குமிழ் அல்லவா? பன்னீர் விட்டு நன்றாகத் தளர்த்திக் குழைத்து, குமிழ் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சுற்றிச் சாமந்தியும் வைத்தேன். சாவிகளுக்கு மட்டும் ஜாக்கிரதையாக ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினேன், அந்தப் புத்தி இருந்தது. நீ அன்று ஆபீஸ் பூஜைக்குப் போயிருந்தாய். உன் அம்மாதான் பார்த்துவிட்டு, “யோவ், அது இன்னா சாமி சிலையா, அபிஷேகம் பண்ணிக்கினு கீற? பொண்ணு வந்தா கத்தப்போறா” என்றாள். நீ வருவதற்குள் மேலே இருந்ததைத் துடைத்துவிட்டு, சின்னதாக ஒரே ஒரு பொட்டு மட்டும் வைத்துவிட்டேன். நீ அதைப் பார்த்துச் சிரித்து, போனில் படம் எடுத்துக்கொண்டாய்.

பூஜையில் வைத்ததை எடுத்து மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தேன். வலப்பக்கம் திருப்பினால் படம் ஒரு அடி கிட்டே வந்து இரண்டு அடி தள்ளிப் போனது. கழிவறையைப் பார்க்கப் போனவன் தெருவில் போய் நின்றேன். குமிழை மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும் அல்லவா, இழுத்துப் பார்த்தேன். குமிழ் மாட்டியிருந்த தண்டைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். சந்தனத் தண்ணீர் தண்டு வழியாகவே இறங்கி உன் சின்னப் பெட்டிக்குள் போய்க் காய்ந்திருந்தது. பார்த்த அந்த நொடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். திட்டியிருப்பாய், சிரித்திருப்பாய், அரை மணியில் சரி செய்திருப்பாய். நானோ குமிழை மறுபடி மாட்டினேன், கம்ப்யூட்டரிலிருந்து கீபோர்டைப் பிடுங்கினேன், பீரோ மேல் வைத்தேன். நீ கேட்டபோது என்ன சொன்னேன்?

“நல்லாத்தான் கீது பாப்பா. ஆனா அந்த நாப் ஒண்ணும் பெருசா யூஸ் இல்ல. எனக்கு மவுஸே போதும்.”

நீ, “சரிப்பா” என்றாய். அவ்வளவுதான். உன் அம்மாதான் அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டாள். “பொண்ணு ராவும் பகலுமா ஒக்காந்து செஞ்சு குடுத்துகீறா, இப்டி ஓரமா தூக்கிக் கடாசிட்டியே, உனுக்கு இன்னாதான் கேடு?” மறுபடி மவுசை உருட்ட ஆரம்பித்தேன். விரல் மறுபடி மடங்கி நின்றது. நீ இருக்கும்போது மேஜைக்கு அடியில் வைத்து இழுத்து விட்டுக்கொள்வேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. நீ பதினொன்றாவது படிக்கும்போது என் கீபோர்டை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டாய். அன்றைக்குப் பார்த்து ஒரு பிளானை அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கத்தினேன். கத்தினது பரவாயில்லை. “பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த ஸ்க்ரூ டிரைவரு? எந்திரிச்சுப் போ” என்றேன். நீ ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருப்பி மாட்டினாய், எல்லாச் சாவியும் வேலை செய்தது, டிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாய். அப்புறம் இரண்டு வருடம் அந்தப் பெட்டியை நீ திறக்கவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, பிரியாணி வாங்கி வந்தேன். நீயும் சாப்பிட்டாய். அந்தச் சொல் என் நாக்கில் இன்னும் கசக்கிறது. அதற்கு அப்புறம் நீ உன் கையால் எனக்கென்று செய்த முதல் சாமான் இந்தக் கீபோர்டு. அதையும் நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இப்போது இதை எழுதும்போதே பார், எவ்வளவு சப்பைக் காரணம்.

இதோடு நின்றிருந்தால் நான் உன் கையில் திட்டு வாங்கிக்கொண்டு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் நீ அந்தத் தைவான் டிசைனைப் பெரிய தாளில் அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருந்தாய். சாவிகளுக்கெல்லாம் சதுரத் துளை. இடது ஓரத்தில் குமிழுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தின் மேல் சிவப்பில் குறுக்கே ஒரு கோடு.

“இது இன்னா பாப்பா, அடிச்சிட்ட?” என்றேன்.

“சும்மா ஷோவுக்கு நாப் வெக்கிறவங்க நெறைய பேரு கீறாங்கப்பா. நான் யூஸுக்குன்னு நெனச்சேன். ஒரே ஒருத்தர்தான் டெஸ்ட் பண்ணாரு, அவரே வேணாம்னுட்டாரு. அத எப்டி நம்பி அனுப்ப?”

அந்த ஒரே ஒருத்தர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வட்டம் இல்லாவிட்டால் உன் டிசைன் மற்ற நூறு கீபோர்டுகளைப் போல ஒரு கீபோர்டு. அது எனக்குத் தெரியும், முப்பது வருடம் பிளான் பார்த்த கண் இது. ஒருவேளை அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் நீ இங்கேயே இருப்பாய், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருவாய், கூடத்தில் ஈய வாசனை வரும். இப்படி ஒரு நினைப்பு எனக்குள் வந்தது. வந்ததை விரட்டாமல் ஒரு வாரம் உட்கார வைத்துச் சோறு போட்டேன். நேற்றுக் கனவில் ஊர் தள்ளித் தள்ளிப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. உன்னை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், வீடே எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இதில் உனக்கும் ஒரு தப்பு உண்டு, கேட்டுக்கொள். ஒரு வாரம் என் கையைப் பார்த்துச் செய்தவள், கடைசியில் என் வாயைக் கேட்டு முடிவு பண்ணினாய். நான் மவுசை உருட்டும்போது ஒரு தடவை குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்திருந்தால் போதும். நாளைக்கு யார் யாருக்கோ செய்து கொடுக்கப்போகிறாய். நல்லா இருக்கு என்பார்கள், வேண்டாம் என்பார்கள். மரியாதைக்குச் சொல்வார்கள், வெட்கத்தில் சொல்வார்கள், உங்கப்பன் மாதிரி பயத்தில் சொல்வார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள். அப்புறம் தரையில் உட்கார்ந்து மறுபடி அவர்கள் கையைப் பார். எனக்காகக்கூட உன் கணக்கை மாற்றாதே.

இன்று காலையில் பீரோ மேலிருந்து கீபோர்டை இறக்கினேன். நான் எதையும் கழற்றவில்லை, துடைக்கவும் இல்லை. மஞ்சள் வளையம் அப்படியே இருக்கிறது, குமிழை இழுத்து நீயே பார்த்துக்கொள். பார்த்துவிட்டு இன்னொன்றும் யோசி. தண்டைச் சுற்றி ஒரு சின்ன வரம்பு, பாத்திரத்துக்கு விளிம்பு இருப்பது போல ஒன்று, வைத்துவிட்டால் மேலே ஊற்றினது உள்ளே இறங்காது. தைவான்காரர்களிடம் சொல், எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் பொட்டு வைப்போம் என்று. காபி கொட்டாத ஊர் எது? அவர்களுக்கும் உதவும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். வரைந்து முடித்த பிளானில் எதையாவது திருத்தினால் ரப்பரால் அழித்து மூடி மறைக்கக் கூடாது. திருத்தின இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைவு வளைவாக ஒரு கோடு போட வேண்டும். கீழே மூலையில் என்ன மாற்றினோம், எதற்கு மாற்றினோம் என்று எழுத வேண்டும். அப்போதுதான் கட்டுகிறவன் ஏமாற மாட்டான். “பிளான்ல எதுக்குப்பா மேகம், மழை வருமா?” என்று கேட்டாய், உனக்கு ஆறு வயது இருக்கும். ஊரார் வீட்டுக்கெல்லாம் ஒழுங்காக மேகம் போட்டவன், சொந்த வீட்டில் மட்டும் போடவில்லை.

நீ விட்டுப்போயிருந்த அந்த டிசைன் தாளை எடுத்தேன். பழைய காம்பஸைத் தேடிப் பிடித்தேன். நீ அடித்த வட்டத்தின் மேலேயே, அதே மையத்தில், அதே அளவில் மறுபடி ஒரு வட்டம் போட்டேன். அதைச் சுற்றி வரம்புக்கு இன்னொரு வட்டம். போட்டுக்கொண்டிருக்கும்போதே விரல் மடங்கி நின்றுவிட்டது. உன் அம்மா பக்கத்தில் வந்து, பிடித்து நிமிர்த்திவிட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். “மொதல்ல அவளாண்ட சொல்லுய்யா” என்றாள். அப்புறம் இரண்டு வட்டத்தையும் சுற்றி மேகம் போட்டேன். மூலையில் எழுதினேன்:

திருத்தம் 1. குமிழ் திரும்பச் சேர்க்கப்பட்டது. நீக்கியதற்குக் காரணம், சோதித்தவர் சொன்ன பொய். குமிழ் நன்றாக வேலை செய்தது.

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உள் வட்டம் ஒரு இடத்தில் கொஞ்சம் நடுங்கியிருக்கும், அது விரல் நின்ற இடம். அனுப்புவதற்கு முன்னால் அதை மட்டும் சரிசெய்துகொள், பாப்பா.

அப்பா